பனிச்சறுக்குப் பலகையில் தம்பி செய்த வில்

அந்த வில்லை அறுத்துத் துண்டாக்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரைக் கேட்டால் "அவசரக்காரி" என்று ஒரு சொல்லில் கதையை முடித்துவிடுவார். அவர் சொல்வதில் பெரிய பிழையில்லை. கறி அடுப்பில் இருக்கும்போதே சட்டி கழுவத் தொடங்குகிற ஆள் நான். ஆனால் அன்று அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இன்றுவரை அவருக்கும் சொல்லவில்லை.

வில் என் தம்பியுடையது. எங்கள் வீட்டில் நான் மூத்தவள், அவன் கடைசி. நடுவில் இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவனுக்கு ஒன்பது வயது. வாய்ப்பாடு வராமல் அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தான். அடுத்ததாக அவனை நேரில் பார்த்தபோது முப்பத்தாறு வயது, தாடியில் நரை. இடையில் அவர்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தார்கள். அம்மாவும் அப்பாவும் அங்கேயே கண்ணை மூடினார்கள். தொலைபேசி இல்லாத வருடங்கள் பல. அந்த இருபத்தேழு வருடத்தில் அவன் என்னவாக இருந்தான் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பல நாடுகள் சுற்றி வந்து சேர்ந்தவன், இங்கே அகதி மனுப் போட்டுவிட்டு விசாரணைக்காகக் காத்திருந்தான். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்து அறைதான் அவனுக்கு. மேல்மாடியில் ஹெயிட்டிக்காரப் பெண்மணி ஒருவர் வாடகைக்கு இருந்தார், நடுவில் நாங்கள். தம்பி பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். கணவர் லொறி ஓடுவதால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

அவனுடைய மனுவை எழுதும்போது அவன் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் சொன்னவள் நான். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் நின்று மீனுக்குக் கரைவலை இழுத்தான். பதுங்குகுழி வெட்டினான். சண்டை முடிந்ததும் முகாமில் அடைத்து வைத்தார்கள். விட்ட பிறகும் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வசனம் இருந்தது: "நான் ஒருநாளும் ஆயுதம் தொட்டதில்லை." எங்கள் சட்டத்தரணி அந்த வசனத்தின் கீழே பேனாவால் கோடு போட்டார். இதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள், இதில் சந்தேகம் வந்தால் மனு நிற்காது என்றார். அன்றிலிருந்து அந்தக் கோடு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். கொண்டுபோக முடியாததையெல்லாம் தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அன்று பின்னேரம் தம்பி தோளில் ஒரு சோடி ஸ்கீயோடு வந்தான். பனியில் சறுக்கும் நீளப் பலகைகள். பழையது, நிறம் போனது. சப்பாத்தைப் பூட்டுகிற இரும்பு அப்படியே இருந்தது.

"உதுக்குள்ள மூட்டைப்பூச்சி கிடந்து வீடெல்லாம் பரவப்போகுது," என்றேன்.

"இது மெத்தையில்லை அக்கா. ஸ்கீ."

"நீ எப்ப ஸ்கீ ஓடப்போறாய்? பனிக்குள்ள நேரா நடக்கவே வராது உனக்கு."

"ஓடுறதுக்கில்லை. வில்லு ஒண்டு செய்யலாம் போல கிடக்கு. போனில பார்த்தனான்."

நான் சிரித்தேன். "ஏன், கோயில் வேட்டைத் திருவிழாவுக்குச் சாமிக்குக் குடுக்கப்போறியோ?"

"இல்லை," என்றான். "எனக்குத்தான்."

அவன் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. சேட்டுக்கூட என் கணவரின் பழையதைத்தான் போடுவான். அதனால் அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்கீயில் வில் செய்வதென்றால் என்னவென்று அந்தக் கோடை முழுவதும் கீழே சத்தம் கேட்டுக் கேட்டே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கீ நடுவில் தடிப்பு, நுனிக்குப் போகப் போக மெல்லிசு. அதனால்தான் அது வில்லுக்குத் தோதாம். முன்பாதிகள் இரண்டையும் இரும்பறுக்கும் வாளால் வெட்டி எடுத்தான். இரு விளிம்பிலும் ஓடும் இரும்புப் பட்டியை உரித்து எறிந்தான். வளைந்திருக்கும் நுனி வெளிப்பக்கம் பார்க்கும்படி, உடைந்த மேசையின் காலைச் செதுக்கிச் செய்த கைபிடியில் இரண்டு துண்டையும் மேலும் கீழுமாகத் திருகாணி போட்டு முறுக்கினான். கேட்க இலேசாக இருக்கிறது. அந்தப் பலகைக்குள்ளே மரத்தோடு கண்ணாடி நார் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அரத்தால் தேய்க்கத் தேய்க்க அது தூளாகப் பறந்தது. அவனுடைய உடுப்பை எங்களுடையதோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டு, ஒரு வாரம் நானும் கணவரும் முதுகைச் சொறிந்துகொண்டு திரிந்தோம். பிறகு அவன் தன் உடுப்பைத் தானே வாளியில் தோய்த்தான்.

பெரிய வேலை, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளைய வைப்பதுதான். கைபிடியைச் சுவரில் ஆணியில் கொளுவி, நாணில் எங்கள் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிடுவான். இரண்டு நுனியும் எவ்வளவு கீழே வருகின்றன என்று சுவரில் பென்சிலால் கோடு போடுவான். ஒரு பக்கம் குறைவாக வளைந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்ப்பான். திரும்பவும் அரிசி மூட்டை. ஒருநாள் சோறு வைக்கக் கீழே போய் அரிசி அள்ளினேன்.

"அக்கா, எத்தினை சுண்டு எடுத்தனீங்கள்?" என்றான்.

"ரெண்டு. ஏன்?"

"நிறை மாறிப்போம். எல்லாம் திரும்பப் பார்க்க வேணும்."

"வில்லுக்காகப் பட்டினி கிடக்கச் சொல்லுறியோ?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் புதியது. ஒன்பது வயதில் எப்படிச் சிரித்தான் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

செப்டெம்பரில் வில் முடிந்தது. அம்புகளை மட்டும் கடையில் வாங்கினான். பழைய படுக்கை விரிப்புகளை அடைத்த அட்டைப் பெட்டிகளைக் கீழ்த்தளத்தின் ஒரு கோடியில் அடுக்கி, மறு கோடியிலிருந்து எய்தான். வேலையால் வந்ததும் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கீழே போவான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "தொப்" என்று கேட்கும். அப்போதெல்லாம் அவன் நன்றாகச் சாப்பிட்டான். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை படுத்துக் கிடந்தான். நித்திரை இல்லாமல் மூன்று வருடம் கீழே நடந்து திரிந்தவன், பத்து மணிவரை படுத்துக் கிடந்தான். எனக்கு அது கோயிலில் கேட்டதற்குப் பலன் கிடைத்தது போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் இருந்திருக்கும்.

ஒருநாள் மெஷினில் உடுப்பைப் போடக் கீழே போனபோது அவன் எய்துகொண்டிருந்தான். அதுவரை நான் சத்தம்தான் கேட்டிருந்தேன், நின்று பார்க்கவில்லை. இடது கையில் நாண் அடிக்காமல் இருக்கப் பழைய காலுறை ஒன்றை மாட்டியிருந்தான். காலை அகட்டி நின்று, மூச்சை அடக்கி, தோளைப் பின்னால் கொண்டுபோய் இழுத்தான். கை நடுங்கவில்லை. ஒரு கண்ணைச் சுருக்கி அந்தப் பெட்டியையே பார்த்தபடி, விடாமல், நெடுநேரம் பிடித்திருந்தான். அந்த முகத்தில் என் தம்பி இருக்கவில்லை. இவன் இதற்கு முன் எதையோ குறிபார்த்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. பட்டது என்றால், நெஞ்சுக்குள் ஒரு ஆணி இறங்கியது போல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு எவ்வளவு முயன்றும் அதைப் பிடுங்க முடியவில்லை.

அவன் அம்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை," என்றேன். உடுப்பைப் போடாமலே மேலே வந்தேன்.

கேட்டிருக்கலாம். தம்பி, நீ உண்மையாகவே ஒன்றும் தொடவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்லை என்பான், நம்பியிருப்பேன். ஓம் என்றால் அதையும் எப்படியாவது விழுங்கியிருப்பேன். கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயர். தேவையான நேரத்தில் அது ஒட்டிக்கொண்டது.

ஒக்டோபர் கடைசியில் குளிர் நன்றாக இறங்குவதற்கு முன் ஒருநாள், பெட்டிகளை வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைக்கு, அந்த ஒடுங்கிய சந்துக்கு, கொண்டுபோய் வைத்து எய்தான். வீட்டுக்குள் தூரம் காணாதாம். மேல்வீட்டுப் பெண்மணி பின் படிக்கட்டில் நின்று, "பிராவோ, மிஸ்யூ" என்று கைதட்டினார். ஸ்கீயா அது, உண்மையாகவே ஸ்கீயா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, இழுத்துப் பிடி, அப்படியே நில் என்று கையைக் காட்டிப் படமெடுத்தார். தம்பி வெட்கத்தோடு நின்று கொடுத்தான். நான் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உடனே யன்னல் திரையை இழுத்து மூடினேன்.

நான் எந்த வீட்டில் வளர்ந்தவள் என்று சொன்னால்தான் இது விளங்கும். ஆமியின் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று ஒரு கதை காதில் விழுந்தால் போதும், அம்மா அறை அறையாகப் போவார். படம், கடிதம், டயரி, பாடசாலை வரைபடம், யாரோ விட்டுவிட்டுப் போன சப்பாத்து, டோச் லைற் பற்றரிகூட. சந்தேகம் வரக்கூடியது எதுவென்று வந்து பார்க்கிறவனின் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததையெல்லாம் அடுப்பில் போட வேண்டும், அடுப்பில் எரியாததைக் கிணற்றில் போட வேண்டும். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க நேரமிருக்காது. எனக்கு அடுத்த தம்பியுடைய படம் ஒன்றுகூட இல்லாமல் போனது அப்படித்தான். இங்கே வந்து முப்பது வருடமாகிறது. இன்றைக்கும் குப்பையில் போடும் கடித உறையில் விலாசத்தைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

தம்பியின் படம், கையில் வில்லோடு, யாரோ ஒருவரின் தொலைபேசியில் இருக்கிறது. அது எங்கே எங்கே போகும்? விசாரணை செய்கிறவரின் மேசையில் அந்தப் படத்தையும், கோடு போட்ட அந்த வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொட்டதே இல்லை என்றவன் நிற்கிற நிலையைப் பார் என்று சொல்லமாட்டார்களா?

மறுநாள் எனக்கு லீவு. தம்பி காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். முதலில் மேலே போய் அந்தப் பெண்மணியின் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, வேலைத்தலத்துப் பிரெஞ்சு. படத்தை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். நல்ல படம், ஆள் எவ்வளவு அழகாக நிற்கிறார் பாருங்கள் என்று காட்டினார். நான் பார்க்கவில்லை. "எஃபாசே, சில் வூ ப்ளே," என்றே சொல்லிக்கொண்டு நின்றேன். என் தம்பிக்கு வெட்கம் என்று ஒரு பொய்யும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முன்னாலேயே அழித்தார்.

பிறகு கீழே போனேன். வில் ஆணியில் தொங்கியது. எய்து முடிந்ததும் நாணைக் கழற்றி வைத்துவிடுவான், இல்லாவிட்டால் வில் களைத்துப்போகும் என்று சொல்வான். அவனுடைய இரும்பறுக்கும் வாளையே எடுத்து அறுத்தேன். இலேசில் அறுபடவில்லை. முழங்காலால் அழுத்திக்கொண்டு, கை மாற்றி மாற்றி அறுத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாக. நாணைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி, இரண்டு தெரு தள்ளி, வேறு யாருடையதோ குப்பையோடு வைத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் வைக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பின்னேரம் அவன் வந்து கீழே போனான். சத்தமில்லை. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்து, பதில் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். உன்ர நன்மைக்குத்தான் செய்தனான், கேஸ் முடியட்டும், பேந்து நூறு வில்லுச் செய். இப்படி ஒரு முழம்.

அவன் என் கையைப் பார்த்தான். இரண்டு முன்னங்கையும் நகம் பட்டுச் சிவந்து தடித்திருந்தன. நான் காலையிலிருந்து சொறிந்துகொண்டிருந்தேன்.

"சுடுதண்ணி விடாதேங்கோ அக்கா," என்றான். "தூள் உள்ளுக்குப் போயிடும். பச்சைத் தண்ணியில கழுவுங்கோ. முதல்ல டேப் ஒட்டி உரிச்சால் பாதி போகும்."

மேசை லாச்சியைத் திறந்து டேப்பை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டான். நான் அங்கேயே நின்று அழுதேன். வெங்காயம் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் என்னோடு கோபமாக இருந்தான் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னான், போட்டதைச் சாப்பிட்டான். பனி கொட்டினால் எனக்கு முன் எழும்பி வாசலைத் தள்ளிவிடுவான். இரவில் கீழே நடக்கும் சத்தம் மட்டும் திரும்பவும் கேட்கத் தொடங்கியது.

ஜனவரியில் சட்டத்தரணி கூப்பிட்டார். அடுத்த மாதம் விசாரணை. தம்பி இரண்டு வாரத்துக்கொரு தடவை மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய் வந்துகொண்டிருந்தான். போகிறான் என்று தெரியும், அங்கே என்ன கதைப்பான் என்று தெரியாது. அந்த ஆலோசகர் கொடுத்த கடிதம் வந்திருக்கிறது, தம்பிக்கு வாசித்து விளங்கப்படுத்துங்கள் என்று சட்டத்தரணி என்னிடம் நீட்டினார். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது. இவர் என்னிடம் வந்த காலத்தில் இரவில் இரண்டு மணித்தியாலம்கூட உறங்காதவர். கோடையில் பழைய பனிச்சறுக்குப் பலகைகளைக் கொண்டு தானாகவே ஒரு வில் செய்யத் தொடங்கினார். அதன் பிறகு உறக்கமும் பசியும் திரும்பின. பயமில்லாமல் கையில் எடுக்க முடிந்த ஒரு பொருள் இது என்று என்னிடம் சொன்னார்.

அந்த இடத்தில் என் தமிழ் நின்றுவிட்டது.

"வாசிக்கத் தேவையில்லை அக்கா," என்றான் தம்பி. "எனக்குத் தெரியும் தானே."

மிச்சத்தை மனதுக்குள் வாசித்தேன். வில் இப்போது இல்லை என்று நவம்பரில் சொன்னார், எப்படி இல்லாமல் போனது என்று சொல்ல விரும்பவில்லை, அதன் பின் உறக்கம் மீண்டும் குறைந்துள்ளது என்று எழுதியிருந்தது.

"அந்த வில்லின் படம் ஏதாவது இருக்கிறதா?" என்று சட்டத்தரணி கேட்டார். "இந்தக் கடிதத்தோடு சேர்த்தால் நன்றாக இருக்கும்."

"அது ஆயுதமில்லையா?" என்றேன். 

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. இங்கே கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளே வில் எய்கிறார்கள், வீட்டில் வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை என்றார். இந்த மனுவுக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. படம் இருக்கிறதா?

நான் தம்பியைப் பார்த்தேன். அவனுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றான்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இரண்டு ஸ்டேஷன் போகும்வரை பொறுத்துப் பார்த்தேன்.

"எனக்குச் சட்டம் தெரியாமல் போச்சுது தம்பி. பயத்தில செய்திட்டன்."

"சட்டம் தெரியாமல் அறுத்தனீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை." குரலை உயர்த்தவில்லை. எதிரே இருந்த யன்னலைப் பார்த்தபடி சொன்னான். "அண்டைக்கு நான் இழுக்கேக்குள்ள உடுப்போட நிண்டு பார்த்தனீங்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முகாமில விசாரிச்சவங்களும் உப்பிடித்தான் பார்த்தவங்கள். தோளைப் பார்த்தவங்கள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தவங்கள். கரைவலை இழுத்த கை எண்டு சொன்னன். நம்பேல்லை."

நானும் அந்த யன்னலையே பார்த்தேன்.

"உங்களுக்கும் சொன்னனான் தானே அக்கா. நீங்கள்தான் இங்கிலீசில சொன்னனீங்கள்."

ஸ்டேஷனில் இறங்கி அவனுக்குப் பின்னால் நடந்தேன். எனக்கு அடி வாங்கியது போல் இருந்தது. என்னைப் பற்றி அவன் சொன்னது அத்தனையும் சரி. சட்டம், படம், மேசை என்பதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். அடியில் கிடந்தது வேறு. யாராவது அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள் என்று நான் பயந்தேன் என்றால், அதைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்ட ஆள் நான்.

பெப்ரவரியில் விசாரணை, சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து வீடியோவில் நடந்தது. நானும் ஒரு சாட்சி. கூப்பிடும்வரை வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே போனபோது தம்பி மேசையின் ஓரத்தில் இருந்தான். முகம் வெளிறியிருந்தது. திரையில் ஒரு பெண் அதிகாரி, இன்னொரு சிறிய சதுரத்தில் மொழிபெயர்ப்பாளர். எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள், தம்பியோடு எப்போது கடைசியாகப் பேசினீர்கள், எத்தனை வருடம் தொடர்பில்லை என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த வருடங்களில் நீங்கள் இங்கே இருந்தீர்கள். அவர் சொல்வது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மரியாதையான குரல். தமிழில் வர ஒரு கணம் எடுத்தது. ஆங்கிலத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருந்தேன்.

"என்ர தம்பி பொய் சொல்லமாட்டான்," என்றேன். "நான் அவனை நம்புறன்."

தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அன்றே முடிவைச் சொன்னார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று அந்த அதிகாரி சொன்னபோது சட்டத்தரணி தம்பியின் தோளைத் தட்டினார். அவன் எழும்பி நின்று, திரைக்குக் கைகூப்பினான். நான் அழுதேன். கணவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம், "நல்லது, நல்லது, அவனிட்டக் குடும்," என்றார். தம்பி வாங்கி, "ஓம் அத்தான், ஓம் அத்தான்," என்று மட்டும் சொன்னான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பின்னேரம் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. தெருவோரப் பனியெல்லாம் உப்புப் போட்டுக் கறுத்துக் கிடந்தது. அவன் கையுறையைப் போடாமல் கையை ஜக்கெற்றுக்குள் விட்டிருந்தான்.

"உள்ளுக்கு என்னை நம்புறன் எண்டு சொன்னனீங்கள்," என்றான்.

"ஓம்."

"அது கேஸுக்கோ அக்கா, எனக்கோ?"

"உனக்குத்தான்," என்றேன். ஆனால் சொல்வதற்கு முன் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. பஸ் வரவில்லை. திரும்பியபோது அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான்.

மார்ச்சில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி அங்கே ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். போகும் அன்று கீழ்த்தளத்தைக் கூட்டிக் கழுவி, சுவரில் போட்டிருந்த பென்சில் கோடுகளையும் துணியால் துடைத்து அழித்துவிட்டுப் போனான். தீபாவளிக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். போனில் கேட்டால் சுகம் என்பான். வில் இன்னொன்று செய்தாயா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், கேட்டதில்லை.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்றுதான் எனக்கு அறிவு சொல்கிறது. கரைவலை இழுத்தவனின் தோள் அப்படித்தான் இருக்கும். அதிகாரி நம்பினார், சட்டத்தரணி நம்பினார், அவனை ஒரு வருடம்கூடத் தெரியாத அந்த ஆலோசகர் நம்பினார். இன்றைக்கு யாராவது வந்து, உன் தம்பியை நீ நம்புகிறாயா என்று கேட்டால், நம்புகிறேன் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வேன்.